நாளுக்கு மூன்று செய்தி

பல்பு தொழிற்சாலையில் ஒவ்வொரு பல்பாக எரியவிட்டுப் பார்த்து, நல்லது கெட்டது சொல்வது அவர் வேலை. எரிகிற பல்பையும் நம்பமாட்டார். அணைத்துப் போடுவார், மறுபடியும் அணைத்துப் போடுவார். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ‘மறுபடியும்’தான்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு போன். அதில் பதினான்கு குழுக்கள். வெந்நீர் குடித்தால் ஆயுள் கூடும் என்று ஒரு செய்தி. குறையும் என்று அடுத்தது. இரண்டையும் விசாரித்து முடிப்பதற்குள் வெந்நீர் ஆறிவிடும். படிக்காமல் விடவும் பயம், படித்ததை நம்பவும் பயம். கண் இரண்டும் கோவைப்பழம்.

சேர்த்து வைத்த பத்து நாள் விடுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. அதையாவது தூங்கியே தீர்ப்பது என்று சபதம் செய்தார். போனை மனைவியிடம் நீட்டினார்.

“இனிமே நீயே படி. நாளுக்கு மூணு செய்தி, முக்கியமானது மட்டும் சொல்லு.”

“யாராவது பதில் கேட்டா?”

“நீயே ஏதாவது போட்டுடு.”

“நிஜமாவா சொல்றீங்க?”

அவள் முகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். அதை அப்போதே அணைத்துப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை கேட்டார்.

“என்ன செய்தி?”

“நாளைக்குத் தண்ணி வராது. உங்க அக்காவுக்கு இருமல். மூணாவது இல்லை.”

“அதெப்படி? முந்நூறு வந்திருக்குமே!”

“மிச்சமெல்லாம் குட்மார்னிங் ரோஜாப்பூ. எண்ணிப் பாக்கறீங்களா?”

எதையோ மறைக்கிறாள். அவருக்குச் சந்தேகம் தட்டியது. அதற்கேற்றாற்போல், எதிரே வந்தால் சுவரைப் பார்க்கிற மூன்றாம் மாடிக்காரர் படிக்கட்டில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“சார், உங்களை என்னமோன்னு நினைச்சிருந்தேன். நாலு மாடிப் படிக்கட்டுச் சுவருக்கும் நானே பெயின்ட் அடிக்கறேன்னு நம்ம கட்டடக் குழுவில எழுதியிருக்கீங்களே! அதுவும் உங்க லீவுல! படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு சார்.”

அவருக்கும் கலங்கியது. வீட்டுக்குள் பாய்ந்தார்.

“என் பேர்ல என்னத்தை எழுதி வெச்சிருக்கே?”

“ஏதாவது போடச் சொன்னீங்க. போட்டேன்.”

“அதுக்குப் படிக்கட்டா?”

“நாலு வருஷமா அந்தச் சுவர் உதிருது. நான் ஒருத்திதான் கூட்டி அள்ளறேன். பெயின்ட் அடிக்கலாமான்னு கேட்டப்பல்லாம் என்ன சொன்னீங்க?”

“விசாரிக்கணும்னு சொன்னேன்.”

“நான் விசாரிச்சுட்டேன்.”

போனைப் பிடுங்கினார். ‘அதை எழுதியது நான் இல்லை. பெயின்ட் அடிக்க முடியாது’ என்று தன் கையாலேயே எழுதி அனுப்பினார்.

பதில்கள் பறந்து வந்தன. ‘இது சார் எழுத்தே இல்லை.’ ‘சார் இப்படிச் சிடுசிடுக்கிறவர் இல்லை.’ ‘போன் திருட்டுப் போயிருக்கு, உஷார்!’ அடுத்த நிமிஷம் அவரைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

“அநியாயம்! நான் நானே இல்லைங்கறாங்க!”

“எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி. “எதுக்கும் நேர்ல போய் நிரூபிச்சுட்டு வாங்களேன்.”

நியாயமாகப் பட்டது. மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினார்.

“வாங்க சார்! எவனோ உங்க போன்ல இருந்து பெயின்ட் அடிக்க முடியாதுன்னு எழுதறான். எங்க சார் வாயில அப்படி வராதுன்னு என் பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். சரிதானே?”

இரண்டு பிள்ளைகளும் தலையைத் தடவிக்கொண்டு அவர் வாயையே பார்த்தன.

“சரிதான்,” என்றார் அவர். “ஏணி இருக்கா?”