அடுத்த பஸ்ஸில வாரேன்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து, மழை பெய்த மறுநாள் கரிசக்காட்டில் ஆடு நடந்துபோன தடம் மாதிரி இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றுவரை குத்துமதிப்புதான். எழுத்துப்பிழைகளை என் மகள் சுப்பு திருத்தித் தந்திருக்கிறாள். அவளும் இந்தக் கதையில் வருவதால், தனக்குச் சாதகமாக ஒன்றிரண்டு இடங்களில் கை வைத்திருக்கலாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் கூச்சக்காரன். கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறேன். பாகு பேசாது, நாமும் பேச வேண்டியதில்லை என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது. யாராவது திடீரென்று பேச்சுக் கொடுத்தால் என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "வாரேன்." சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். சுப்புவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை மாரிச்சாமி காலில் விழுந்தபோது, நன்றாக இரு என்று சொல்ல நினைத்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டேன். (நடந்தது என் சொந்த வீட்டில். வேறு எங்கே போகப்போகிறேன்?)

எங்கள் பக்கம் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல்படி இறங்க மாட்டார்கள். அபசகுனம். அதனால் வருகிறவனும் வாரேன் என்பான், போகிறவனும் வாரேன் என்பான். பிறந்ததிலிருந்து இதில் எனக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை, மாரிச்சாமி போனில் ஸ்டேட்டஸ் வைக்கும்வரை.

மாரிச்சாமிக்குச் சொந்த ஊர் கயத்தாறு. வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆயிற்று. அன்று காலை வேலைக்குக் கிளம்புமுன் அவன் ஸ்டேட்டஸைத் திறந்தேன். ஆளில்லாத பஸ் ஸ்டாண்ட் படம். பின்னால் ஷெனாய் வாத்தியம் இழுக்க, ஒரு ஆண்குரல் பாடியது:

*வாரேன் புள்ள வாரேன்,*
*வாசல் தாண்டி வாரேன்.*
*அழுதது போதும் புள்ள,*
*அடுத்த பஸ்ஸில வாரேன்.*

பாட்டை மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டேன். வாசலைத் தாண்டி என்றால் உள்ளேயா, வெளியேயா? அடுத்த பஸ் என்றால் எங்களூருக்கு வருகிற பஸ்ஸா, எங்களை விட்டுப் போகிற பஸ்ஸா? உள்ளே சுப்பு அதே பாட்டைக் கேட்டுக்கொண்டு, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், பிள்ளைக்கு இன்னும் விஷயம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கே போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

கம்பெனிக்கு எதிரே பால்பாண்டி அண்ணாச்சி டீக்கடை. கூட வேலை பார்க்கிற கணேசனும் வந்திருந்தான். போனை அவனிடம் நீட்டி, யாரோ வைத்த பாட்டு மாதிரி, "இது என்ன பாட்டுப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

பால்பாண்டி பாலை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "காதல் தோல்விப் பாட்டுல்லா. இழுவையப் பாருங்க. விட்டுட்டுப் போறான்."

"வாரேன்னுல்லா அண்ணாச்சி பாடுதான்?" என்றான் கணேசன்.

"ஏலே, காலையில வீட்டுலேர்ந்து கெளம்பையில என்ன சொல்லுவ?"

"வாரேம்பேன்."

"சொல்லிட்டு எங்க போவ?"

"வேலைக்கு."

"அப்ப வந்தியா, போனியா?"

கணேசன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். எனக்கு வாயில் வைத்த வடை இறங்கவில்லை.

"அது நம்ம ஊர்க்காரன் சொன்னா, அண்ணாச்சி. பாடுனவன் எந்த ஊருன்னு பாக்கணும்லா? மெட்ராஸ்காரன் வாரேன்னா நெசமாவே வருவான்."

"மெட்ராஸ்காரன் வரேம்பான்லே. இவன் வ-வுக்குக் கால் போட்டு வாரேங்கான். நம்ம பக்கத்து ஆளுதான், சந்தேகமே வேண்டாம். போயிட்டான்."

கணேசன் விடவில்லை. போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினான். "இந்தா பாருங்க, பொறந்து வளந்ததெல்லாம் மெட்ராஸாம். நம்ம பேச்ச எடுத்துப் பாடியிருக்கான்."

வடை இறங்கியது. மெட்ராஸ்காரன் தங்கமான மனுஷன், வந்துவிடுவான்.

"ஆனா பொண்டாட்டி இவன விட்டுட்டுப் போயிட்டாளாம். அந்த வருத்தத்துல பாடுனதுன்னு போட்டிருக்கு."

வடை மறுபடி நின்றது.

"பொறுங்க, அவ திரும்பி வந்துட்டான்னும் ஒருத்தன் எழுதியிருக்கான்."

"எப்ப வந்தா? பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று நான் கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அந்த வருஷத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"உங்களுக்கு என்ன அண்ணாச்சி அவன் பொண்டாட்டி மேல இவ்வளவு அக்கறை?" என்றார் பால்பாண்டி.

"வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று நான் காய்ச்சிய பாகு பதம் தப்பி, அந்தச் சட்டி மிட்டாயைச் சுத்தியல் வைத்து உடைத்தார்கள். எனக்கு அதிலெல்லாம் மனசு போகவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கிற சேலையை, சம்பந்தம் முறிந்தால் பெண் வீட்டார் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கத் தாமதமானால் அவர்களே வந்து தெருவில் நின்று கேட்பார்கள். எங்கள் தெருவில் ஒருமுறை அப்படி நடந்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் ஒரு வருஷம் குழாயடிக்கு வரவில்லை. சுப்புவுக்கு அந்த நிலைமை வரக் கூடாது. கயத்தாறுக்கு நானே போய் நைசாக விசாரிப்பது, உண்மை என்றால் சேலையைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. இதுதான் என் திட்டம்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும் சுப்புவும் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தார்கள். பீரோவிலிருந்து அரக்குக் கலர் சேலையை எடுத்து, ஒரு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து எங்களூர் பிரிகிற இடைசெவல் விலக்கில் பஸ் ஏறினேன். பஸ்ஸில், மாரிச்சாமியின் அம்மாவிடம் கேட்பதற்கு ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தபடி போனேன்: "தங்கச்சி, மாப்பிள்ளைக்கு மனசுல வேற எண்ணம் ஏதும் உண்டா?" இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

சம்பந்தியம்மா வாசலிலேயே பார்த்துவிட்டார். "வாங்கண்ணே, வாங்க! இப்பத்தான் பந்தக்காரன் வந்து அளந்துட்டுப் போறான். தெரு முக்குவரைக்கும் போடச் சொல்லியிருக்கேன்."

பந்தலா! அப்படியென்றால் முறியவில்லை. என் மனசு அப்படியே குளிர்ந்துபோயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. மனப்பாட வாக்கியத்துக்கு வேலையே இல்லை. கல்யாணச் சமையல், மாப்பிள்ளைக்குப் பேன்ட் தைத்தது என்று அவர் பேசப் பேசத் தலையை ஆட்டிக்கொண்டு, குடித்து முடித்து எழுந்திருக்கப் போனேன்.

"பையில என்னண்ணே? கடலைமிட்டாயா?"

உரிமையோடு வாங்கிப் பிரித்தார். சேலையை வெளியே எடுத்தார். முந்தியைத் தடவினார். முகம் மாறியது.

"இது நாங்க எடுத்துக் குடுத்த சேலைல்லா? இத என்னத்துக்குண்ணே தூக்கிட்டு வந்திய?"

நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். குஞ்சம் கட்டக் கொண்டுபோகிறேன் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றின, திரும்பி வரும் பஸ்ஸில். அந்த நேரத்தில் என் வாய் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னது.

"வாரேன்."

சொல்லிவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நடந்தேன் என்பது மகளின் திருத்தம். ஓடினேன்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் நான் செய்துவிட்டு வந்தது உறைத்தது. மாப்பிள்ளை வீட்டில் சேலையை வைத்துவிட்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியிருக்கிறேன். சொன்னவன் எந்த ஊர்க்காரன்? இடைசெவல். சந்தேகமே வேண்டாம், போயிட்டான். நன்றாக நடந்துகொண்டிருந்த கல்யாணத்தை, முறிந்துவிடுமோ என்ற பயத்தில் நானே போய் முறித்துவிட்டு வருகிறேன். ஜன்னலுக்கு வெளியே உளுந்துக்காடு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி அதற்குள் படுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. பேச்சியம்மாள் போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"சம்பந்தியம்மா அழுதுகிட்டே கேக்காவ. 'அண்ணே சேலைய வச்சிட்டு வாரேன்னுட்டுப் போயிட்டாவளே, எங்க மேல என்ன கொற'ன்னு. என்ன செஞ்சிட்டு வந்திய?"

பாட்டைச் சொன்னேன், டீக்கடையைச் சொன்னேன், பாடகரின் பொண்டாட்டி போய் வந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. பேச்சியம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சுப்பு எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறந்து, சேலை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சத்தம் வராமல் மூடினாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் திருப்பூரிலிருந்து மாரிச்சாமி கூப்பிட்டான். பேச்சியம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வாரேன்னு சொன்னது மாமாதான?"

"அவியதான்யா. நேர்ல போயி அவியளே சொன்னது."

"அப்ப ஒண்ணுமில்ல, விடுங்க. வேற யாரு சொல்லியிருந்தாலும் சம்பந்தம் முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம். மாமா சொன்னா, மாமா பயந்துட்டாவன்னு அர்த்தம். நிச்சயத்தன்னைக்கி ஆசீர்வாதம் கேட்டதுக்கே எனக்கு வாரேன்னுதான் சொன்னாவ. அம்மாட்ட எடுத்துச் சொல்லிட்டேன். இப்பச் சிரிச்சிக்கிட்டு இருக்கா."

சுப்பு போனைப் பிடுங்கினாள். "நீங்க ஏன் அந்தப் பாட்ட வச்சிய?"

"லீவு கெடச்சிட்டுல்லா! ஊருக்கு வாரேன்னு உனக்குத்தான் வச்சேன். பாடுனது யாருன்னுகூட எனக்குத் தெரியாது. பாட்டுல பஸ் வந்துச்சு, வச்சேன். சேலைய நானே வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்து தாரேன். அடுத்த பஸ்ஸில வாரேன்."

போனை வைத்துவிட்டான். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் கேட்கத் தைரியமில்லை. எந்த வாரேன்?

மறுநாள் வெயில் ஏறின நேரத்தில் கயத்தாறு பஸ் விலக்கில் நின்றது. மாரிச்சாமி இறங்கினான். தோளில் அந்த மஞ்சப்பை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று கிட்டே போனேன்.

"வாரேன்" என்றேன்.

"தெரியும் மாமா" என்றான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கு அப்புறம் ஒருநாள் சுப்பு போனில் ஒரு பேட்டி காட்டினாள். அந்தப் பாடகர் உட்கார்ந்துகொண்டு, இது பிரிவுப் பாட்டுதான், அவன் ஒரேயடியாகப் போகிறான், திரும்பவே மாட்டான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவருக்கு என்ன தெரியும்? பாடுனதோட அவரு வேல முடிஞ்சுது. எங்க மருமவன் அந்தப் பாட்டுக்கு வந்து எறங்கிட்டான்லா? அவரு வந்து பாத்தாரா?"

இன்றைக்கும் எங்கள் வீட்டிலிருந்து யார் "வாரேன்" என்று படியிறங்கினாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்: "எந்த வாரேன்? பாட்டு வாரேனா, மாமா வாரேனா?" சம்பந்தியம்மா, நான் கயத்தாறுக்குப் போகும்போதெல்லாம் என் பையைத்தான் முதலில் வாங்கிப் பார்க்கிறார்.

இவ்வளவையும் வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதினேன். வாரேன்.

(இது மாமா வாரேன். – சுப்பு)

இடைசெவல்,
புரட்டாசி பத்து, வியாழக்கிழமை.