ராஜாவின் மீசை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

மாவு மில்லிலிருந்து உன் தம்பி எழுதிக்கொள்வது. அக்கா, நல்லா இருக்கியா? முட்டி வலி தேவலையா? அத்தான் இன்னும் சாப்பிடுறப்பதான் கோவிச்சுக்கிறாரா? இங்க எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. நான் சொல்லச் சொல்ல எதிர்க்கடைத் தையல்காரர் எழுதுறார். அத்தான் இதை உனக்குப் படிச்சுக் காட்டும்போது பக்கத்துல ஆள் இல்லாம பாத்துக்க.

என் மக பள்ளிக்கூடத்துல பெத்தவங்களைக் கூப்பிட்டாங்க. போனா, சின்னப் பிள்ளைங்க பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. முட்டி காதைத் தொட்டுச்சு. டீச்சரம்மா, "பாடப் புத்தகம் கெடக்கட்டும், பிள்ளைங்க ஆசைக்குப் படிக்கணும். வீட்டுல நீங்க ஒரு புத்தகத்தோட உக்காந்தா அதுங்களும் உக்காரும்"னாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன். எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உனக்கும் அத்தானுக்கும் என் பொண்டாட்டிக்கும் தையல்காரருக்கும்தான் தெரியும், மகளுக்குத் தெரியாது. அங்க எழுந்திரிச்சு அதைச் சொல்லலாம்னா, அந்தப் பெஞ்சுலேர்ந்து எழுந்திரிக்கவே ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு.

வீட்டுக்கு வந்து பரண்ல கெடந்த தடிப் புத்தகம் ஒண்ணை எடுத்து, கண்ணாடிய மாட்டிக்கிட்டு விளக்கடியில உக்காந்தேன். "எழுத்துக்கூட்டத் தெரியாத கண்ணுக்குக் கண்ணாடி ஒரு கேடா"ன்னு அடுப்படியில முணுமுணுப்பு. மக ஓடி வந்து, "என்ன கதைப்பா?"ன்னா. என் வாய் சும்மா இருக்குமா? சின்ன வயசுல ஆட்டைத் தொலைச்சுட்டு நான் சொன்ன பொய்க்கு ஊரே தடியோட புலி தேடுச்சே, ஞாபகம் இருக்கா? அந்த ஆடு பின்னால தானா வந்துச்சு, அத விடு. "ஒரு ராஜாவோட மீசை கோவிச்சுக்கிட்டு அரண்மனைய விட்டு ஓடிப்போச்சு"ன்னு ஆரம்பிச்சேன். தினமும் ஒரு பக்கத்தைப் புரட்டுவேன், மீசைய ஒரு ஊருக்கு அனுப்புவேன். பொறந்த குழந்தை உதட்டுல உக்காந்துச்சு, ஆத்துல மீனுக்கு முளைச்சுச்சு, தளபதி பொண்டாட்டி உதட்டைக் கூட விட்டு வைக்கல.

ஒரு நாள் மக, "குடுப்பா, நானே படிக்கிறேன்"னா. நாளைக்குன்னு சொல்லிட்டு, ராத்திரியே அதைப் பரண்ல ஏத்திட்டேன். மறுநாள், புத்தகத்துக்குச் சொந்தக்காரன் வந்து வாங்கிட்டுப் போயிட்டான்னேன். அவ்வளவுதான், பள்ளிக்கூட அலமாரியில தேட ஆரம்பிச்சா. கூட வகுப்பே சேந்துக்கிச்சு. "இதுல மீசை இல்லப்பா, ஆனா ஒரு நரி இருக்கு"ன்னு அதைப் படிக்கிறது, "இதுல கொள்ளைக்காரன் இருக்கான்"னு இதைப் படிக்கிறது. புத்தகத்துல கண்ண வச்சுக்கிட்டு சோத்தைக் காதுக்கு ஊட்டுறா அக்கா! சந்தோஷந்தான். ஆனா டீச்சரம்மா சொல்லி விட்டிருக்காங்க, வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்கு வந்து அந்த மீசைப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டணுமாம். "எங்கப்பா மாதிரி யாரும் வாசிக்க முடியாது"ன்னு மக தெருவுல தலை நிமிந்து நடக்கிறா. அந்தத் தலை என்னால குனியக் கூடாது.

அதனால நீ வியாழக்கிழமையே நோயில படுத்துடு. பெரிய நோய் வேணாம். அத்தான் சத்தம் போடுறப்ப முனகுவியே, அது போதும். "உடனே புறப்பட்டு வா"ன்னு ஆள் விடு, நான் ஓடி வந்துடுறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைங்களுக்கு என் ஆசீர்வாதம். சொல்ல மறந்துட்டேனே, அந்த மீசை கடைசியில எங்க போச்சுன்னா, அது நேரா ராஜாவோட

(மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஓடிவிட்டார். — தையல்காரர்)

பின்குறிப்பு: அத்தை, நான்தான். ஒட்டித் தபால்ல போடச் சொல்லித் தையல்கார மாமா குடுத்தார். ஒட்டுறதுக்கு முன்னால படிச்சுட்டேன். கையில கெடச்சதெல்லாம் படின்னு டீச்சர்தான் சொன்னாங்க. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். கண்ணாடிய மூக்குல வச்சுக்கிட்டே, "கண்ணாடி கொண்டுவரல, அது எந்த பஸ்ஸுன்னு பாரு"ம்பார். பரண்ல ஏறி அந்தப் புத்தகத்தையும் பாத்துட்டேன். மில் எந்திரத்தோட வந்தது, பூரா நட்டும் போல்ட்டும். முதல்ல அப்பா வாயைக் கிளறத்தான் தேடுற மாதிரி தேடினேன். அப்புறம் நரிகிட்ட மாட்டிக்கிட்டேன். டீச்சருக்கும் தெரியும், நான்தான் சொன்னேன். கதை அப்பா வாயிலதான் இருக்குன்னு தெரிஞ்சுதான் அவரைக் கூப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை அந்த நட்டு போல்ட்டுப் புத்தகத்தையே கையில குடுத்து, உயரமான நாற்காலியில உக்கார வைக்கப் போறோம். மீசை நேரா ராஜாவோட என்னத்துக்குப் போச்சுன்னு தெரியாம எங்க வகுப்புல ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளல. நீங்க நோயில படுத்தா அப்பா அங்க வந்துடுவார். அதனால அத்தை, தயவு செஞ்சு வெள்ளிக்கிழமை வரைக்குமாவது நல்லா இருங்க.