நான்கு ஈரலும் ஒரு மகளும்

தூதனே, என் மகள் நராம்தும் முன் நின்று இதைச் சொல்: ஹரூப் நகரை ஆளும் உன் தகப்பன் வராத்-இஷ்தரான் சொல்வது இது. சூரிய தேவன் உன்னை நோயின்றிக் காக்கட்டும். நான் நலம். உன் அம்மா பெல்தானி நலம். அரண்மனையும் நலம், வடக்குச் சுவர் நீங்கலாக.

உன் களிமண் மடல் வந்தது. மாப்பிள்ளை உன் நாற்காலியைப் பறித்து இரண்டாம் மனைவிக்குக் கொடுத்துவிட்டார், உன்னை மாவரைக்கும் பெண்களோடு உட்கார வைத்துவிட்டார், "அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று எழுதியிருந்தாய். எழுத்தனை அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆனால் நான் தகப்பன் மட்டுமா? அரசனும் அல்லவா? நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு மாப்பிள்ளை கையில் இருக்கிறது. உன்னை அழைத்து வந்தால் மதகை அடைப்பார். வாற்கோதுமை கருகும். ஊரே என்னைத் திட்டும்.

ஆகவே முறைப்படி தெய்வத்திடம் கேட்டேன். நம் குறிசொல்லி எரிபும் என்பவன் ஆட்டை அறுத்து, தெய்வத்தின் பதிலுக்காக அதன் ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வேணாம் ராஜா, போகாதீங்க" என்றான், ஆடு கிழடு என்று நான் இன்னொன்றைக் கொடுத்தேன், அதுவும் வேண்டாம் என்றது, மூன்றாவது ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, களை பறிக்கப் போகாமல் மிச்சமிருந்த என் சேனை அதைத் துரத்திக்கொண்டு வடக்குச் சுவரில் ஏற, சுவர் ஆட்டோடும் சேனையோடும் உட்கார்ந்துவிட்டது, பிடித்து வந்து அறுத்தால் அதன் ஈரலும் வேண்டாம் என்றே சொல்லிற்று, கடைசியாகக் கொட்டிலில் இருந்த கிடாவும் அதையே சொல்லிற்று.

உன் அம்மா கறி சமைக்க மறுத்துவிட்டாள். "பொண்ணு அங்க மாவரைக்கிறா, இங்க உங்களுக்கு விருந்தா? ஊர்ல இருக்கிற ஆட்டு ஈரலையெல்லாம் கேட்டீங்களே, உங்க வயித்துக்குள்ளயும் ஒண்ணு இருக்கே, அதக் கேட்டீங்களா?" என்றாள். அரசனிடம் பேசும் பேச்சா இது? எரிபும் வேறு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அரசி சொல்றதும் ஒரு முறைதான் ராஜா" என்கிறான். அவனை முறைத்தேன்.

தெய்வத்தை மீற நான் யார்? பொறுத்துக்கொள், மகளே. மாப்பிள்ளைக்குப் பணிந்து நட. அரைகல்லைத் தள்ளும்போது வலது தோளில் பாரம் விழாமல் பார்த்துக்கொள். சிறு வயதில் அத்திமரத்திலிருந்து விழுந்து அந்தத் தோளைத்தான் பிசகிக்கொண்டாய். வைத்தியர் வரும்வரை என் மடியை விட்டு நீ இறங்கவில்லை. இந்த இடத்தில் களிமண் கொஞ்சம் குழைந்திருக்கும். எழுத்தனின் கண்ணீர் என்று வைத்துக்கொள்.

உன் குலதெய்வம் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்.

மடலின் விளிம்பில்: மேலே உள்ள எதையும் காதில் வாங்காதே. மாப்பிள்ளைக்கு வணக்கமும் சொல்லாதே. கொட்டிலில் இனி ஆடில்லை. ஆகவே ஊராரைக் கேட்டேன். "மதகை அடைச்சா கிணறு வெட்டிக்கிறோம் ராஜா, மொதல்ல பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். உன் அம்மா இப்போதே மண்வெட்டியோடு நிற்கிறாள். முதல் வரியில் "என் மகள் முன் நின்று சொல்" என்றேனே, அந்தத் தூதன் நான்தான். எனக்குப் படிக்கத் தெரியாது. சும்மா வந்து நிற்பேன். நீ என் கழுதையில் ஏறிவிடு.