பூச்சியாரும் நீல அகப்பையும்

சுவிஸ் நாட்டிலுள்ள புழு பூச்சிகள் எல்லாம் ஒன்றுகூடி, தங்களுக்கு ஆகாத மனிதர் ஒருவரைத் தெரிவு செய்தால், எங்கள் பூச்சியார் போட்டியில்லாமல் வென்றிருப்பார். இத்தனைக்கும் அவர் ஒரு பூச்சியைக்கூடக் கொன்றதை நான் கண்டதில்லை. கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். ஒளிந்திருக்கும் இடத்தில் கண்டுபிடிக்கப்படுவதைவிட ஒரு பூச்சிக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

நான் துன் நகரத்தில் குடியிருக்கிறேன். இன்டர்லாக்கனுக்கு மேலே மலையிலுள்ள ஒரு ஹொட்டேல் குசினியில் சமையல் வேலை. பனி கொட்டும் ஒவ்வொரு மாரியிலும் ஆறு கிழமைக்கு அந்த ஹொட்டேலை யூத மக்கள் முழுதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒன்றரை மாதமும் சட்டி பானை முதல் கத்தி வரை எல்லாம் மாறும். இறைச்சிக்குச் சிவப்பு அடையாளம் போட்ட பாத்திரங்கள், பாலுக்கு நீல அடையாளம் போட்டவை. சிவப்பும் நீலமும் சேரவே கூடாது. பால் குசினி கீழ்த்தளத்தில், இறைச்சிக் குசினி மேல்தளத்தில். இதையெல்லாம் அவர்களுடைய வேதச் சட்டப்படி மேற்பார்வை பார்க்க சூரிச் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். அவர்தான் பூச்சியார். என்னைவிடப் பத்து வயது இளையவர். தாடி மட்டும் என்னைவிட மூத்தது.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் சலாட் பகுதியில் நிற்கும் ரஞ்சி அக்கா. சலாட் இலைக்குள் பூச்சி இருந்தால் அவர்கள் சாப்பிடக்கூடாதாம். ஆகவே ஒவ்வொரு இலையையும் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, அடியில் லைற் எரியும் ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்து, முன்பக்கம் பின்பக்கம் பார்ப்பார். முதல்நாளே கடுகில் பாதிகூட இல்லாத ஒரு ஜீவனைக் கண்டுபிடித்து, முழுப் பெட்டிச் சலாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். சுவிஸ் சலாட்டில் பூச்சியா என்று செஃப் தன் நாட்டுக்கே இழுக்கு வந்த மாதிரி கத்தினார். பூச்சியார் பூதக்கண்ணாடியை நீட்டினார். செஃப் பார்த்தார். அதன் பிறகு மூன்று நாள் செஃப் சலாட் சாப்பிடவில்லை.

ரஞ்சி அக்கா என் காதுக்குள் சொன்னா: "என்னைப் பொம்பிளை பாக்க வந்த ஆக்கள்கூட இவ்வளவு வடிவாப் பாக்கேல்லை, தவம்."

பூதக்கண்ணாடி ஒரு பக்கம் என்றால், முணுமுணுப்பு மறுபக்கம். தண்ணீர் குடிக்க முதல் முணுமுணுப்பார். அப்பிள் கடிக்க முதல் முணுமுணுப்பார். ஒருநாள் இடி முழங்கியது. நாங்கள் எல்லோரும் ஜன்னலைச் சாத்த ஓட, அவர் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து முணுமுணுத்தார். கழிப்பறைக்குப் போய் வந்து கைகழுவி, சுவரோரம் நின்று அங்கேயும் ஒரு முணுமுணுப்பு. தன்னுடைய மரக்கறி வெட்டைப் பார்த்துத்தான் சாபம் போடுகிறாரோ என்று ரஞ்சி அக்காவுக்குச் சந்தேகம். "நீர்தான் சாமி கும்பிடுற ஆள், போய்க் கேளும்" என்று என்னை அனுப்பிவைத்தா.

போய்க் கேட்டேன். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை ஜெர்மன். என்னுடையது குசினி ஜெர்மன், அவருடையது சுவிஸ் ஜெர்மன். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "உடம்புக்குள்ள எத்தினை குழாய், எத்தினை துவாரம். திறக்க வேண்டியது திறக்குது, மூட வேண்டியது மூடுது. ஒண்டு அடைச்சாலும் நாங்கள் நிண்டு கதைக்கேலாது. அதுக்கு நன்றி சொல்லுறன்."

வேறு யாருக்காவது இது சிரிப்பாக இருக்கலாம். அதற்கு முந்திய வருடம் எனக்குக் கல்லடைப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் புழுவாய்த் துடித்தவன் நான். கோயிலில் தேர் இழுத்து, காவடி எடுத்து, பால்குடம் தூக்கி எத்தனையோ வேண்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கல் கரைந்து வெளியே போன அன்று முருகனுக்கு ஒரு நன்றி சொன்னேனா என்றால், இல்லை. வீட்டுக்குப் போய்க் கொத்துரொட்டி சாப்பிட்டேன். பூச்சியார் சொன்ன நாளிலிருந்து நானும் குளியலறையை விட்டு வரும்போது "முருகா" என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஆறேழு தரம் அந்த வாசலில் சாமி பெயர் கேட்கவே, என் மனிசி எனக்கு ஏதோ வருத்தம் என்று டொக்டரிடம் நேரம் எடுத்துவிட்டாள்.

இன்னொரு நாள் வாழைப்பழத்துக்கு வழக்கு வந்தது. மரத்துப் பழத்துக்கு ஒரு வாழ்த்து, நிலத்தில் விளைவதற்கு வேறொரு வாழ்த்து என்று அவர்களிடம் கணக்கு இருக்கிறது. பூச்சியார் வாழைப்பழத்தை உரித்து நிலத்து வாழ்த்தைச் சொன்னார். வாழையைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்குப் பாடம் எடுப்பதா என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. அது மரம், பிறந்ததிலிருந்து வாழைமரம் என்றுதான் சொல்கிறோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: குலை போட்ட பிறகு அதே தண்டு அடுத்த வருடமும் காய்க்குமோ? குலை வெட்டினால் தண்டையும் வெட்டத்தானே வேண்டும். வாழைத் தோட்டத்தை வாழ்நாளில் கண்டிராத ஒரு மனிதர், தோட்டத்துக்குள் பிறந்த என்னை வாழை விஷயத்தில் மடக்கிவிட்டார். எல்லாம் அவருடைய ஏப்ரன் பையிலிருந்த வேதச் சட்டப் புத்தகத்தால் வந்த வினை. உருளைக்கிழங்கு அவியும் நேரமெல்லாம் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பார். எப்போது பார்த்தாலும் அதே பக்கங்கள். ஏதும் சோதனை எடுக்கப் போகிறீர்களோ என்று கேட்டேன். ஓம் என்றார், ஒவ்வொரு நாளும்.

வேற்று மதத்தாரான நாங்கள் அடுப்பைப் பற்றவைக்கக்கூடாது. காலையில் அவர் வந்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்த பிறகுதான் சமையல். மற்றவர்கள் இதைத் தொல்லை என்றார்கள். எனக்கோ பிடித்திருந்தது. வீட்டில் நானும் சாமி விளக்கு ஏற்றாமல் தேத்தண்ணீர் வைப்பதில்லை.

இந்த ஒற்றுமையில்தான் எனக்கு வினை வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் தொடாதவன். இறைச்சிக் குசினியில் நின்றுகொண்டு எப்படிச் சைவம் காக்கிறாய் என்று பூச்சியார் ஒருநாள் விசாரித்தார். வீட்டிலிருந்து சோறு கொண்டு வருகிறேன், மலையேறி வர அது பனிக்கட்டியாகிவிடும் என்றேன். அடுத்த வெள்ளி ஒரு புதுச் சின்னப் பானை வந்தது. மூடியில் என் பெயர் ஒட்டியிருந்தது. இதற்குள் பருப்பைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று குசினி முழுக்க அவரே அறிவித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பானை தந்தவர் அகப்பை தர மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சிவப்பு அகப்பை இறைச்சி தொட்டது, எனக்கு ஆகாது. நீல அகப்பை பால் மட்டும் தொட்டது. பாலைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் உண்டோ? அபிஷேகமே அதில்தானே செய்கிறோம். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, கீழ்க் குசினியில் பால் காய்ச்சிய நீல அகப்பை ஒன்றை நன்றாகக் கழுவி மேலே கொண்டுவந்து, பருப்பை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, ஏப்ரன் கயிற்றில் செருகிக்கொண்டேன். என் சைவ அகப்பை.

அன்று பின்னேரம் நாலரைக்கு அவர்களுடைய ஓய்வுநாளான ஷபாத் தொடங்க இருந்தது. தொடங்கினால் சமைக்கக்கூடாது, போன் எடுக்கக்கூடாது. அதனால் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை வெள்ளியே வைத்து, மெல்லிய சூட்டில் விட்டுவிடுவார்கள். பெரிய கிடாரம் நிறைய இறைச்சி, அவரை, பார்லி, உருளைக்கிழங்கு. எண்பது பேருக்கு. இரண்டரை மணிக்கு அது அடிப்பிடிப்பது போல ஒரு மணம் வந்தது. கை தானாக இடுப்புக்குப் போயிற்று. இரண்டு சுற்றுக் கிண்டிய பிறகுதான் கையைப் பார்த்தேன். நீலம்.

பால் காய்ச்சிய அகப்பை, இறைச்சிக் கிடாரத்துக்குள்.

செஃப் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரஞ்சி அக்கா கரட் சீவிக்கொண்டிருந்தா. கண்டது இரண்டு பேர்தான்: நானும் முருகனும். அந்த மாரித் தொடக்கத்தில் ஒருவன் நீலச் சட்டியில் கோழி பொரித்ததற்கு செஃப் அன்றைக்கே அவனை மலையிறக்கிவிட்டார். அடுத்தவனுக்கும் இதுதான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியும் இருந்தார். எனக்கு ஐம்பத்துநாலு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. இனி எந்தக் குசினி என்னை எடுக்கும்? அகப்பையைக் கழுவித் திருப்பிக் கொழுவிவிட்டால் எண்பது பேரும் சந்தோசமாகச் சாப்பிடுவார்கள், நானும் வேலையோடு இருப்பேன்.

அப்போது என் பருப்புப் பானை கண்ணில் பட்டது. அதற்குள் யாராவது இறைச்சி அகப்பையை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்?

சலாட் பெட்டி முன்னால் குனிந்து நின்ற பூச்சியாரிடம் போனேன். அகப்பையை இரண்டு கையாலும் நீட்டினேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் என் குசினி ஜெர்மன் மூன்று தரம் அறுந்து விழுந்தது. அவர் அகப்பையைப் பார்த்தார். கிடாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. கோபத்துக்காகக் காத்து நின்றேன்.

லொத்தர் விழுந்தவனின் முகம் அது.

"உண்மையாத்தான் நடந்ததோ? இறைச்சி கொதிக்கேக்கையோ? பால் காய்ச்சினது இண்டைக்குத்தானோ?" ஒவ்வொன்றுக்கும் நான் ஓம் ஓம் என்று அழாக்குறையாகத் தலையாட்ட, அவருக்குச் சந்தோசம் ஏறிக்கொண்டே போனது. பையிலிருந்த புத்தகத்தை உருவி எடுத்தார். "பதினொரு வருசமா நான் இந்தப் பகுதியைத்தான் படிக்கிறன், ஹெர் தவம். பாலும் இறைச்சியும் தவறிக் கலந்தால் என்ன செய்யிறது எண்டு. ஒருத்தரும் ஒருநாளும் உண்மையான அகப்பையோடை வந்து கேட்டதில்லை."

பிறகு குசினி ஆராய்ச்சிசாலையானது. அகப்பை எவ்வளவு ஆழம் போனது என்று என்னை நடித்துக்காட்டச் சொன்னார். நான் வெறுங்காற்றில் கிண்டினேன். இன்னும் கொஞ்சம் இயல்பாகக் கிண்டுங்கோ என்றார். ஆழத்தை நூல் கட்டி அடையாளம் வைத்தார். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் அந்த அடையாளம் வரை அகப்பையை இறக்கி, வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்தார். ஒரு கோப்பி கப் அளவுகூட வரவில்லை. உள்ளே போனதைப் போல அறுபது மடங்கு கிடாரத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்பது சட்டமாம். கிடாரமோ ஒரு ஆள் குந்தியிருந்து குளிக்கக்கூடிய கிடாரம்.

"இந்தாளுக்கு விசரோ, தவம்?" என்று ரஞ்சி அக்கா கேட்டா.

தன் கணக்கை அவர் முடிவென்று எடுக்கவில்லை. சூரிச்சிலுள்ள தங்கள் மதகுருவான ரபியைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கிழவரின் குரல் கேட்டது. ஆழம் கேட்டார், அளவு கேட்டார். கடைசியாக ஒரு கேள்வி: வேண்டுமென்று செய்ததோ, தவறி நடந்ததோ? வேண்டுமென்று செய்தால் அறுபது என்ன, அறுநூறு மடங்கும் காப்பாற்றாதாம். பூச்சியார் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தவறித்தான். இவருடைய மதத்துக்காக ஒரு சுத்தமான அகப்பை தேடியிருக்கிறார். அவர் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

பிறகு கிழவர் சாப்பாடு ஆகும் என்றார். அகப்பையை மட்டும் ஒதுக்கி வையுங்கள், ஷபாத் முடிந்து சுத்திகரிக்கலாம். அந்த மனிதருக்கு என் வணக்கம்.

இதற்குள் செஃப் என்னைத் தேடி வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. பூச்சியார் எங்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். பானையைத் தந்துவிட்டு அகப்பை தராமல் விட்டது தன்னுடைய பிழை என்றார். யாரையாவது மலையிறக்குவதென்றால் தன்னைத்தான் இறக்க வேண்டும், ஆனால் இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் ஷபாத், அதன் பிறகு தான் ரெயின் ஏறமாட்டேன், ஆகவே முடிவைச் சீக்கிரம் சொல்லவும் என்றார். செஃப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிடாரம் அடிப்பிடிக்குது, சிவப்பாலே கிண்டு என்று சொல்லிப் போய்விட்டார்.

மற்ற நாள், சனி மத்தியானம், கிடாரம் திறந்தது. பூச்சியார் வழக்கமாக மேல்மண்டபத்தில் குடும்பங்களோடு இருந்துதான் சாப்பிடுவார். அன்றைக்குத் தன் தட்டோடு குசினிக்கு இறங்கி வந்து, கழுவுதொட்டியடியில் என் பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாழ்த்தைச் சொல்லிச் சாப்பிட்டார். தட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு அகப்பை போடச் சொன்னார்.

இரண்டு மாரிக்குப் பிறகு அவர் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாராம். இப்போது வருகிறவரும் நல்லவர்தான், ஆனால் என்னோடு வாழையைப் பற்றிச் சண்டைக்கு வரமாட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை இல்லாவிட்டால் கோயிலுக்குப் போவேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்பார். என் பெயர், மனிசி பெயர், பிள்ளைகளின் பெயர் சொல்வேன். அடுத்த பெயர் நுனிநாக்கில் வந்து நிற்கும். விக்கிரகத்துக்கு முன்னால் தன் பெயர் சொல்லப்படுவது பூச்சியாருடைய சட்டத்துக்கு ஒத்துவராது என்று எனக்குத் தெரியும். "வேறை ஆரும் இருக்கினமோ?" என்று ஐயர் கேட்பார். இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு நிமிடம் கண்ணை மூடியபடி நிற்பேன்.