செல்லின் நடுவிலிருந்த மரியதாஸ் மாப்பிள்ளை

பாம்பன்,
1958 ஜனவரி 12

மகா கனம் பொருந்திய மைத்துனர் மரியதாஸ் அவர்கள் சமூகத்திற்கு, பாம்பன் கோயில் உபதேசியார் எட்வர்ட் தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அக்காள் மகள் ஜோதிமேரியும் வெள்ளாடும் ஆண்டவர் புண்ணியத்தில் க்ஷேமம். தூத்துக்குடியில் தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க அந்தோணியாரை மன்றாடுகிறேன். க்ஷேமம் என்று எழுதியது வழக்கத்தை முன்னிட்டு. உண்மை விவரம் கீழே வருகிறது.

தங்கள் அக்காள் அற்புதம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து முப்பதாம் நாள் பூசைக்கு வந்த தாங்கள், பந்தியில் பாதி இலையில் எழுந்து, "இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சேன்னா நான் மரியதாஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனீர்கள். ஊரார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், சொத்துத் தகராறா, பாத்திரம் பண்டத் தகராறா என்று விசாரிக்கிறார்கள். விலங்கியல், தாவரவியல் தகராறு என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? ஆகவே நடந்ததை முறையாக விளக்கித் தங்கள் கோபத்தைத் தணிக்கவே இந்தக் கடிதம்.

அற்புதத்துக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. ஆனாலும் ஜோதி பாடம் ஒப்பிப்பது தன்னிடம்தான் என்று பிடிவாதமாக இருந்தாள். சாயங்காலம் மீன் கழுவ உட்காரும்போது புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வாள், பல நாள் தலைகீழாக. தனக்குப் புரிந்தால்தான் பிள்ளைக்குப் பாடம் வந்ததாக அர்த்தம். இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் செல் என்று ஒரு பாடம். மரம், செடி, ஆடு, மாடு, தாங்கள், நான் எல்லாருமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனவர்களாம். ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு குடித்தனமே நடக்கிறதாம். "குடித்தனம்னா ஆள் பேரச் சொல்லுடி, அப்பத்தான் வெளங்கும்" என்றாள் அற்புதம். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நடுநாயகமாக இருந்து எல்லாருக்கும் உத்தரவு போடுகிறது நியூக்ளியஸ் என்றதும், குடும்பத் தலைவனாகிய நான்தான் அது என்று மீசையைத் தடவிக்கொண்டேன். அதைத் தூக்கி ஜோதிக்குக் கொடுத்துவிட்டாள். "வம்சத்தோட அடையாளமெல்லாம் அதுக்குள்ளதான இருக்காம். அப்ப அது பிள்ளைதான்." எனக்குக் கிடைத்தது செல் சுவர். வெளியே விறைப்பாக நிற்கும், சொன்னபடி வளையாது, அதற்கென்று உயிரும் கிடையாதாம். சுவரை ஒட்டி உள்பக்கம் ஒரு சவ்வு உண்டு, எதை உள்ளே விடலாம், எதை வெளியே தள்ளலாம் என்று பார்ப்பது அதன் வேலை. அது என் அக்காள் யாகப்பம்மாள். எல்லாம் மிதந்துகொண்டிருக்கிற சைட்டோபிளாசம், பானைக் கஞ்சி. தின்றதை எரித்துச் சக்தியாக்குகிற மைட்டோகாண்டிரியாவை, தின்பதில் உள்ள ஆர்வத்தை உத்தேசித்து, வெள்ளாட்டுக்குக் கொடுத்தாள். வெயிலை வைத்தே சமையல் செய்கிற பச்சைக் குளோரோபிளாஸ்ட்டைத் தனக்கு வைத்துக்கொண்டாள். "வெறகு வாங்கிப் போடாத வீட்டுல வெயில வச்சுத்தான சமைக்கணும்" என்றாள். அது எனக்கு விழுந்த குத்து. நடுவில் பெரிதாக ஒரு வாக்குவோல் இருந்தது. அதற்குத் தங்கள் பெயர் என்று, நான் கோயிலுக்குப் போய்த் திரும்பியபின் சொன்னார்கள். ஜோதி இதையெல்லாம் பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் வர்ணம் தீட்டி, பெயர் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். அது ஒட்டிய மாதமே அற்புதம் படுத்துவிட்டாள்.

பந்தியில் உட்கார்ந்தபடி தாங்கள் அந்தப் படத்தைப் படித்துவிட்டு, "வாக்குவோல்னா என்ன அத்தான்?" என்று கேட்டீர்கள். நான் தங்கள் இலையில் ரசம் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அது நடுவுல இருக்க காலி இடம் மாப்பிள்ளை. கொஞ்சம் தண்ணி கெடக்கும், அவ்வளவுதான்." உடனே தாங்கள், "ஆட்டுக்கு ஒரு வேலை இருக்கு, எனக்கு இல்லியா?" என்று எழுந்தீர்கள். மாப்பிள்ளை, நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. மற்ற வேலைகளெல்லாம் பங்கு போட்டு முடிந்தபின் மிச்சம் இருந்தது அந்த இடம்தான். நீங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்குத்தான் வருகிறீர்கள். வராத ஆளுக்குக் காலி இடத்தைக் கொடுப்பது முறைதானே? இருந்தாலும் அதைப் படத்திலேயே பெரிய இடமாகத்தான் கொடுத்திருக்கிறாள். இதைவிட மரியாதை என்ன வேண்டும்?

நீங்கள் போனபின் நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது. ஜோதி நேரே போய்ப் படத்தைப் பிய்த்து எடுத்தாள். "நாந்தான் மாமாவ வெரட்டிட்டேன்" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி முழு வாக்கியம் அதுதான். அதன்பிறகு எதைக் கேட்டாலும் "ம்", இல்லாவிட்டால் "ம்ஹூம்". கிறிஸ்துமஸ் லீவு முடிந்தும் பள்ளிக்கூடம் போகவில்லை. சேதுலட்சுமி டீச்சர் வீட்டுக்கே வந்து, "உபதேசியாரே, எங்க பள்ளிக்கூடத்துக்கே முதல்ல வரவேண்டிய பிள்ளை. இந்த மாசம் வரலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தாயும் போய், படிப்பும் போனால் என் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

சரி, ஒப்பிக்க ஆள் இல்லாததுதான் குறை என்று நினைத்து, அற்புதம் உட்காருகிற இடத்தில் நானே புத்தகத்தோடு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த பாடமுறை ஞானோபதேசம் ஒன்றுதான். "செல் என்பது யாது? செல் என்பது உயிரின் ஆதாரமாம். செல் எத்தனை வகைப்படும்? தாவரச் செல், விலங்குச் செல் என இருவகைப்படும்" என்று ராகத்தோடு கேள்வியும் நானே, பதிலும் நானே. ஜோதி சுவரைப் பார்த்தாள். ஆடு மட்டும் என்னைப் பார்த்தது. இந்தப் பழக்கம் முற்றிப்போய், ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் "ஆத்துமம் எங்கே இருக்கிறது?" என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு, "நியூக்ளியஸில்" என்று நானே பதிலும் சொல்லிவிட்டேன். பங்குச் சுவாமியார் கதவோரம் நின்றிருந்தார். "எட்வர்ட், கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்க" என்று தோளைத் தட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை. இதற்கிடையில் யாகப்பம்மாள், தன்னை யாரோ சவ்வு என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டு வந்து, "எந்தம்பி வீட்டுக்கு நாயா ஒழைக்கேன், எனக்குப் பேரு சவ்வா?" என்று ஒரு மூச்சு அழுதாள். வாசல் காக்கிற பெரிய பொறுப்பு என்று விளக்கியபிறகு, அன்று முதல் எங்கள் வீட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. டீச்சர் இரண்டாம் தடவை வந்தபோது வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

வெங்காயத் தோலை உரித்துப் பார்த்தால் செல் தெரியும் என்று புத்தகத்தில் இருந்தது. சுவாமியாரின் பூதக் கண்ணாடியை இரவல் வாங்கி, வெங்காயம் வெங்காயமாக உரித்தேன். ஒரு செல்லும் தெரியவில்லை. கண்ணீர்தான் வந்தது. ஆனால் நிறுத்தாமல் உரித்தேன் மாப்பிள்ளை. அவள் போன நாளிலிருந்து நான் ஊர் முன்னால் அழவில்லை, மற்றவர்களுக்கு ஜெபம் சொல்கிறவன் அழக்கூடாது என்று இருந்தேன். வெங்காயம் நல்ல சாக்காக அமைந்தது.

விலங்குச் செல்லுக்கும் தாவரச் செல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தாவரச் செல்லில் சமைக்க ஆள் உண்டு. விலங்குச் செல்லில் குளோரோபிளாஸ்ட் கிடையாது, ஆகையால் மற்றவர் ஆக்கியதைத் தின்றுதான் அது உயிர் வாழ வேண்டும். எங்கள் வீட்டுக்கு யாகப்பம்மாள் வீட்டிலிருந்து இரண்டு வேளையும் தூக்குச்சட்டியில் சோறு வருகிறது. விலங்குச் செல்லில் நடுவில் பெரிய வாக்குவோலும் கிடையாது. அதுதான் நீங்கள் தூத்துக்குடியில் இருக்கிறீர்களே. முன்பு இந்த வீடு செடியாக இருந்தது என்று சொல்ல மிச்சம் இருப்பது சுவர் ஒன்றுதான். அதுவும் பெயருக்கு நிற்கிறது.

இவ்வளவும் எழுதியதால் நான் உங்களைக் கூப்பிடுவதாக நினைக்க வேண்டாம். சபதம் சபதம்தான், உங்கள் மரியாதை எனக்கு முக்கியம். நீங்கள் வரவே வேண்டாம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை" என்று ஜோதி பெயருக்கு ஒரு கார்டு போட்டால் போதும், அவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். நான் எப்படியோ சமாளித்துக்கொள்வேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் தோத்திரத்தையும் குழந்தைகளுக்கு என் நெற்றிச் சிலுவையையும் கொடுக்கவும். எல்லாம் வல்ல பிதா உங்கள் வீட்டு அடுப்பும் விளக்கும் அணையாமல் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்,
எட்வர்ட் உபதேசியார்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி ஜோதியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். பதில் சொல்லமாட்டாள் என்று தெரியும், வழக்கமாகக் கொடுப்பதுபோல் கொடுத்தேன். பாதி படித்தவள் எழுந்து நின்றுவிட்டாள். "மாமாகிட்ட காலி இடம்னா சொன்னீக? தப்பு அய்யா! வாக்குவோல் காலி இடம் இல்ல" என்று என்னைச் சத்தம் போட்டாள். எவ்வளவு நாளைக்கப்புறம் கேட்கிற சத்தம்! அவளே சொன்னாள்: "அம்மா என்னயக் கேட்டுச்சு, செடிக்கு எலும்பு இல்லையே, பெறகு எப்படி நிமிந்து நிக்கிதுன்னு. வாக்குவோல்ல இருக்க தண்ணிதான் உள்ள இருந்து சுவரத் தள்ளிப் பிடிச்சிருக்கு, அது வத்துனா செடி தொங்கிப்போகும்னு நான் சொன்னேன். அப்ப அது எந்தம்பிதான்னு அம்மா சொல்லுச்சு. அவன் வந்து நின்னாத்தான் உங்க அய்யா நிமிந்து நிப்பாருன்னுச்சு. மொதல்ல எழுதுன பேரே மாமா பேருதான்."

அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

மேலே எழுதியதில் உன் அக்காள் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வேறு கடிதம் எழுதலாம் என்றால், சுவாமியார் கொடுத்த தாள் தீர்ந்துவிட்டது. எங்களுக்குக் குறை இருக்கிறது மாப்பிள்ளை. நான் சமாளிக்கவில்லை. கார்டு எல்லாம் வேண்டாம், சனிக்கிழமை ரயிலுக்கு நீ வா. யாகப்பம்மாளிடம் உன்னை உள்ளே விடச் சொல்லிவிட்டேன். ஜோதி நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறாளாம். பிய்த்த படத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். உன் பெயர் இருக்கிற இடத்தில் கிழிந்திருக்கிறது. நீ வந்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள், அவள் பசை தடவி ஒட்டட்டும்.