ஓடாத மெஷினின் இரைச்சல்

சத்தத்தை ஒழித்தே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலை நம்மவர் முடிவெடுத்தார். அவர் எடுக்கிற முடிவுகள் சாதாரணமாக நிறைவேறாது. இது நிறைவேறிவிட்டது. வினையே அதுதான்.

தொழில், வீடு வரைவது. கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுப்பார். கோடு போடும் வரை கம்ப்யூட்டர் சாதுவாக இருக்கும். வெயில் விழணும், நிழல் விழணும், ஜன்னல் கண்ணாடி மின்னணும் என்று கேட்டால் போச்சு. ஒரு மணி நேரம் கணக்குப் போடும். உள்ளே பிராசசர் கொதிக்கும். அதன் தலைமேல் உட்கார்ந்த குட்டி விசிறி மாவு மில் மாதிரி அலறும்.

அந்த அலறலுக்கு மரியாதை கொடுத்து மனைவி ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

"மெஷின் கத்தினா நான் கதவைத் தட்ட மாட்டேன். கத்தாத நேரத்துல கூப்பிட்டா நீங்க வரணும்."

போட்ட சட்டத்தை அவள் மீறியதே இல்லை. நம்மவர் அதில் ஓட்டை கண்டுபிடித்தார். வேலை இல்லாத நாளிலும் ஏதாவது பழைய வீட்டுப் படத்தை எடுத்து ஓடவிடுவார். மெஷின் கத்தும். அவர் கட்டிலில் சாய்வார். பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. பரணைச் சுத்தம் செய்கிற வேலை இப்படியே எட்டு மாதம் ஓடியது.

"பரண் என்னாச்சுங்க?"

"மெஷின் ஓடுது, கேக்கலை?"

"நேத்தும் ஓடுச்சே."

"பெரிய வீடும்மா. ரெண்டு மாடி."

"மாடிப்படி ஏற மெஷினுக்கு ரெண்டு நாளா?"

எல்லாம் சரி. ஒரே குறை. தூங்குவதற்காகக் கிளப்பிய சத்தம் தூங்கவிடவில்லை. கட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒன்றரை முழம்தான் தூரம். காதில் பஞ்சு வைத்தார். அப்படியும் இரைச்சலில் பல் கூசியது. ஆகவே அந்தத் திங்கட்கிழமை முடிவு.

ரிப்பேர் கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். நம்மவரைப் பார்த்தார்.

"சார், இது கம்ப்யூட்டரா, தலையணையா? இவ்வளவு பஞ்சு இருக்கு!"

"தூசிப்பா."

"பிராசசர் மேல தடவின பேஸ்ட்டும் காஞ்சு மண்ணாப் போச்சு. சூடு வெளியேறவே இல்லை. விசிறி என்ன பண்ணும் பாவம், கத்தும்."

"சத்தமே வரக்கூடாது."

"சின்ன விசிறி வேகமாச் சுத்தும், கத்தும். பெரிய விசிறி மெதுவாச் சுத்தும், பேசாது. பெரிய கூலரா மாட்டிருவோம். திருகாணிக்குப் பதிலா ரப்பர் குச்சி. அதிர்வும் இருக்காது."

"கேக்கவே கேக்காதா?"

"ஓடுதா இல்லையான்னு நீங்க குனிஞ்சு பாக்கணும்."

நம்மவருக்குச் சந்தோஷம். கடை வாசல்படி இறங்கும்போதுதான் பொறி தட்டியது. மெஷின் கத்தாவிட்டால் சட்டம் செல்லாது. சட்டம் செல்லாவிட்டால் பரண்.

வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். நம்மவர் யோசித்தார். "செவ்வாய்க்கிழமை வந்து மாட்டு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பழைய விசிறியைக் கடைசி முறையாகக் கதறவிட்டார். பழைய போனை எதிரே வைத்து, அரை மணி நேரம் அந்தக் கதறலைப் பதிவு செய்தார். அவர் காதில் பஞ்சு இருந்தது.

புதன்கிழமை முதல் சொர்க்கம். கதவின் அடி இடுக்கில் சின்ன ஸ்பீக்கர், அடுப்படியைப் பார்த்து. ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் இரண்டு தலையணை. பதிவு முடிந்தால் திரும்ப ஆரம்பிக்கும்படி ஏற்பாடு. வெளியே மாவு மில். உள்ளே பனிமலை மௌனம். படுத்த மூன்றாவது நிமிஷம் நம்மவர் காலி. பதிவை ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. கேட்டால் தூங்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று வாரம். முகம் மினுமினுத்தது. மனைவி மட்டும் அவ்வப்போது ஏதாவது கேட்பாள்.

"மெஷின் நல்லா இருக்குங்களா?"

"ஏன்?"

"சும்மாத்தான். அதுக்குக் கோபம் ஜாஸ்தியோன்னு நினைச்சேன்."

"மெஷினுக்கு ஏதும்மா கோபம்?"

"ஆமால்ல."

அன்று வியாழன். பன்னிரண்டு மணிக்கு விழித்தார். ஸ்பீக்கரை நிறுத்தினார். அடுப்படியில் தடபுடலாகச் சத்தம். கரண்டி, பாத்திரம், குழாய்த் தண்ணீர். நம்மவருக்கும் ஒரு சட்டம் உண்டு. அடுப்படி ஓயும்வரை அந்தப் பக்கம் போகக்கூடாது. போனால் வெங்காயம் உரிக்கவேண்டி வரும்.

ஒரு மணி. சத்தம் ஓயவில்லை. விருந்து போலிருக்கிறது என்று நினைத்தார். நாக்கு ஊறியது.

ஒன்றரை. கரண்டி, பாத்திரம், தண்ணீர். வயிறு இரைந்தது. அதற்கு ரப்பர் குச்சி கிடையாது.

இரண்டரை மணிக்கு மானத்தை விட்டு எழுந்து போனார். அடுப்பு ஜில்லென்று இருந்தது. ஈரம் கூட இல்லை. மேடையில் மனைவியின் போன், ஒரு கிண்ணத்துக்குள் நின்றபடி சமைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் பேசிவிட்டு மனைவி படியிறங்கி வந்தாள். வெற்றி பெற்ற முகம் இல்லை. சாப்பிட்ட முகம்.

"என்னம்மா இது?"

"சமையல் ஓடுதுங்க. கேக்கலை?"

நம்மவர் கிண்ணத்திலிருந்து போனை எடுத்து நிறுத்தினார்.

"உங்க மெஷின் அரை மணிக்கு ஒருதரம் ஒரு தட்டைக் கீழே போடுது. அது உருண்டு ஓடுது. உடனே, 'சனியனே!'ன்னு என் குரல்லயே திட்டுது. மூணு வாரமாக் கேக்கறேன். மொத நாள் நான்தான் திட்டறேன்னு நினைச்சு வாயைப் பொத்திக்கிட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? மெஷின் கத்தும்போது கதவைத் தட்டக்கூடாதே."

பதிவு செய்த அன்று காதில் வைத்த பஞ்சு நம்மவருக்கு ஞாபகம் வந்தது. இனி வந்து என்ன. தோற்றவர்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"சாப்பாடு?"

"காலையிலயே ஆக்கி டிபன் கேரியர்ல வெச்சுட்டேன். உங்களுக்குப் பிடிச்சதுதான்."

"எங்க?"

"பரண்ல."

"எடுத்துக் குடும்மா."

"ஒட்டடைக் கம்பால கடைசிச் சுவர் வரைக்கும் தள்ளிட்டேங்க. முன்னாடி இருக்கறதை எல்லாம் இறக்கினாத்தான் எட்டும். ஏணி வாசல்ல இருக்கு. துடைக்கத் துணியும் வெச்சிருக்கேன்."

நம்மவர் ஏறினார். உடைந்த நாற்காலி, இரண்டு டிரங்குப் பெட்டி, கைப்பிடி போன சூட்கேஸ், எதற்கென்றே தெரியாத பலகை ஏழு. ஒவ்வொன்றாக இறக்கினார். தும்மினார். துடைத்தார். எட்டு மாத வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பசி ஆளை விரட்டினால் இப்படித்தான். கடைசிச் சுவரோரம் கேரியர் இருந்தது. திறந்து முகர்ந்தார். பிடித்ததேதான். அவள் பொய் சொல்வதில்லை. கோபமெல்லாம் அந்த வாசனையில் கரைந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பரணைப் பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு அந்தப் பனிமலை அறையில் ஒரு நீண்ட தூக்கம் போட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, கேரியரும் கையுமாக அறைக்கு நடந்தார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடி இடுக்கில் மாவு மில் அலறிக்கொண்டிருந்தது. கூடவே கட்டில் கிரீச்சென்றது. யாரோ வசதியாகப் புரண்டு படுத்தார்கள்.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். உள்ளே ஒரு தட்டு விழுந்து உருண்டது.

"சனியனே!"

கையை இறக்கிக்கொண்டார்.