பெயரிலேயே இருக்கிறது நோய்

காய்ச்சல் நிபுணர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டருக்கு ரத்தத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல வராது. இவருக்கு நோயின் பெயர் காதில் விழுந்தால் போதும்.

சிங்கப்பெருமாள் கோயில் என்ற எங்கள் ஊரில், எங்கள் தெரு வேதாந்தம் இவ்வினத்தின் அசல் மாதிரி. எலிக்காய்ச்சல் என்று பேச்சு வந்தபோது பிள்ளையார் படத்திலிருந்த மூஞ்சூற்றின்மேல் காகிதம் ஒட்டியவர். சார்ஸ் வந்த வருஷம், அலுவலகத்தில் யாராவது ‘சார்’ என்று கூப்பிட்டால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டவர்.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குன்யா வந்தது. பாதித் தெரு முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க, வேதாந்தம் மட்டும் உற்சாகமாக வீடு வீடாகப் போனார்.

“பேரைப் பிரிச்சுப் பாருங்கோ. சிக்கன், குனியா. சிக்கன் தின்னா குனிய முடியாது. இதுக்கு டெஸ்ட் வேறயா?”

யார் மறுப்பது? பதம் பிரித்தது சரியாகத்தானே இருக்கிறது! தெருமுனைக் கோழிக்கடையில் செங்கல்வராயன் ஈ ஓட்டினார். கோழிகள் நிம்மதியாக வயதாகிக்கொண்டிருந்தன.

“இன்னா சார், கடைய மூட வெச்சிடுவ போல கீதே! கொசு கடிச்சித்தான் வருதுன்னு டாக்டரே சொல்லிக்கினு கீறாரு. என் வூட்ல அடுப்பு எரிய வாணாமா?”

“அந்தப் பேரை நானாப்பா வெச்சேன்?”

அடுத்த நாள் சுகாதாரப் பணியாளர் ரெபேக்காள் வந்து, வேதாந்தத்தின் மொட்டைமாடியில் மூடாமல் கிடந்த டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

“சார், கொசுப்புழு நெளியுது. கவுத்துடட்டா?”

“ஐயையோ! சுவாமிக்குப் பிடிச்சு வெச்ச மழைத்தண்ணிம்மா. கொசு சாக்கடையிலேன்னா இருக்கும்?”

“இந்தக் கொசு நல்ல தண்ணிலதான் சார் முட்டை வெக்கும்.”

“அப்போ ஆசாரமான கொசுன்னு சொல்லு!” என்று சிரித்து மாடிக் கதவைப் பூட்டினார்.

பத்து நாள் கழித்து வேதாந்தமே படுத்தார். முட்டைகூடத் தொடாதவர்! இனி வாயைத் திறக்க முடியாது என்று நாங்கள் நினைத்தோம். தன் கடை பிழைத்தது என்று செங்கல்வராயன் ஓட்டமாக வந்தார்.

“இப்போ இன்னா சார் சொல்ற? நீ எந்தக் கோழிய துன்ன?”

சுவரைப் பிடித்து நிமிர்ந்தார் வேதாந்தம்.

“வாசனைடா! தினம் உன் கடை வழியாத்தானே ஆபீஸ் போறேன்!”

தெரு திகைத்தது, பிறகு தலையாட்டியது. அதுவரை ரகசியமாக வாங்கியவர்களும் கடைப்பக்கமே நடப்பதை நிறுத்தினார்கள். மாதக் கடைசியில் ஷட்டர் இறங்கியது. அந்த இடத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வந்தது. நல்ல கூட்டம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுத்த புதுக் காய்ச்சலின் பெயர் காதில் விழுந்ததும், “அது எதனால் வருகிறது தெரியுமா?” என்று உங்கள் வாய் தானாகத் திறக்கும். அதற்குள் ஒருமுறை உங்கள் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள்.

போகமாட்டீர்கள். வெறும் மழைத்தண்ணீர்தானே!